கல்யாண ஜடை: முதுகுக்கு வந்த மவுசு!

விடியற்காலை மணி 2.50. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். கீழே சமையற்கட்டில் இட்லிக் கொப்பரை ஏறிவிட்டது. மேலே மணமகள் அறையில் கரன்ட் போய்விட்டது.

அறையில் இருப்பதே இரண்டு பிளக் பாயின்ட். ஒன்றில் ஏ.சி. இன்னொன்றிலிருந்து தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கிரிம்பர், கர்லிங் டாங், ஐந்து செல்போன் சார்ஜர். போதாக்குறைக்கு, பட்டுப்புடவை மடிப்பை நீவ அத்தை சொருகிய இஸ்திரிப் பெட்டி. எல்லாம் சேர்ந்து இழுத்ததில் டிரிப் ஆகி, அறை முழுக்க இருட்டு. இருட்டில் மல்லிகை வாசனையும் முடி பொசுங்கிய வாசனையும் மட்டும்.

செல்போன் வெளிச்சத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் மணப்பெண். முந்தின ராத்திரி ரிசப்ஷன் முடிந்து அவர் படுத்தபோது பன்னிரண்டரை. நேற்றுப் போட்ட சுருளும் ஸ்ப்ரேயும் காய்ந்து, தலை தேங்காய் நார் மாதிரி நிற்கிறது. அலங்காரம் செய்ய வந்தவர் சேலையூர்க்காரர். பின்களைப் பல்லில் கடித்துக்கொண்டு, "கரன்ட் வர்றதுக்குள்ள சிக்கெடுத்துடலாம்மா, தலைய மட்டும் அசைக்காதீங்க" என்கிறார். முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு.

விளக்கு வந்ததும் பெண்ணின் கண் நேரே போவது ஹேங்கரில் தொங்கும் ப்ளவுஸுக்கு. முதுகுப் பக்கம் முழுக்க ஆரி வேலைப்பாடு: அம்பாரி யானை, அதன்மேல் மாப்பிள்ளையும் பெண்ணும், கீழே முத்துத் தொங்கல். மேஜைமேல், ஈரத் துணிக்குள் இரண்டரை அடி நீளத்துக்குத் தைத்த பூ ஜடை.

"அக்கா, ஜடை நடுவுல வந்தா டிசைன் தெரியாதே?"

"ஜடை வேண்டாம்னா இவ்ளோ பூ எதுக்குடி வாங்கினோம்?" இது அத்தை.

சேலையூர்க்காரர் இரண்டையும் ஒரு பார்வை பார்க்கிறார். இந்த வழக்கில் அவர் தீர்ப்புச் சொல்வது இந்த மாதத்தில் எத்தனையாவது முறையோ!

ஜடையா, ப்ளவுஸா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் என்று இந்தப் பக்கத்து மண்டபங்களில் மணமகள் அறைக் கதவைத் திறந்து பார்த்தால் நடக்கும் பஞ்சாயத்து பெரும்பாலும் இதுதான். 'சேலைக்கு ஏற்ற சிகை' என்று நாம் பேசுகிறோம், படம் பார்த்து வைக்கிறோம், நிறம் பொருத்துகிறோம். ஆனால் அலங்காரத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது சேலை இல்லை. ப்ளவுஸின் முதுகு.

பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் கல்யாண ப்ளவுஸ் என்றால் சேலையோடு வந்த துண்டைக் கொடுத்து, கைக்கு ஜரிகை வரும்படி தைப்பதோடு சரி. முதுகை ஜடை பார்த்துக்கொண்டது. இன்று கேம்ப் ரோட்டிலும் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ஆரி தைக்கிற கடை இல்லாத தெரு குறைவு. கழுத்து இறங்க இறங்க வேலைப்பாடு ஏறுகிறது. பல்லக்கு, மயில், இரண்டு பேர் பெயரின் முதல் எழுத்து. சில ப்ளவுஸின் கூலி, கட்டப்போகும் சேலையின் விலையை எட்டிப் பிடிக்கிறது. அவ்வளவு செலவு செய்த முதுகின்மேல் கொத்துக் கொத்தாகப் பூவைப் போட்டு மூட யாருக்கு மனசு வரும்?

முதுகைப் படம் எடுப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. பழைய ஸ்டூடியோ படங்களை எடுத்துப் பாருங்கள். பூ ஜடை வைத்த சிறுமி நேராக நிற்பாள். பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி சாய்ந்திருக்கும். அதில் ஜடை முழுசாகத் தெரியும். என் அம்மாவின் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. படத்துக்கு முன்னால் அழுத கண்ணீர்கூட கன்னத்தில் காயவில்லை. அன்றைக்குக் கண்ணாடி காட்டியது ஜடையை. இன்றைக்கு கேமரா பின்னால் வந்து நிற்பது ப்ளவுஸுக்காக. அந்த இடமாற்றத்தில்தான் தமிழ்நாட்டுக் கல்யாண ஜடை நடு முதுகிலிருந்து நகர ஆரம்பித்தது.

எங்கே நகர்ந்தது? ஒன்று, தோளைச் சுற்றி முன்பக்கம். தளர்வாகப் பின்னி, இழைகளை இழுத்துப் பருமனாக்கி, இடது தோள்வழியே முன்னால் விடும் 'மெஸ்ஸி பிரெய்ட்'. இரண்டு, கழுத்தடியில் கட்டும் 'லோ பன்'. அதைச் சுற்றி வேணி. மூன்று, பாதி முடியை எடுத்துப் பின்னி மீதியைச் சுருட்டி விடுவது. இவை எல்லாமே ரிசப்ஷனுக்கு லெஹங்காவோடும் கவுனோடும் வந்தவை. மெதுவாக முகூர்த்த மேடைக்கும் ஏறிவிட்டன. 2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களும் வந்தபோது, அலைபேசியில் த்ரிஷா படத்தைக் காட்டி 'குந்தவை கொண்டை' கேட்டவர்கள் ஏராளம். அது படத்துக்காக மணிக்கணக்கில் கட்டியது என்று அவர்களிடம் சொல்லிப் புரியவைப்பது அலங்காரக்காரர் பாடு.

இந்தச் சண்டையே வராத அலங்காரம் ஒன்று உண்டு என்றால் அது ஐயங்கார் வீட்டுப் பெண்களின் ஆண்டாள் கொண்டை. மடிசாருக்கு மேலே, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப்போல் இடப்பக்கம் சாய்ந்த கொண்டை, சுற்றிலும் பூ. முதுகு முழுசும் காலி.

■ அப்போதும் விடியலில்தான்!

பெண்களின் கூந்தலுக்குப் பழந்தமிழில் 'ஐம்பால்' என்றே ஒரு பெயர். ஐந்து வகையாக முடிப்பது என்று உரைகாரர்கள் விளக்கம் தருகிறார்கள்: முடி, குழல், கொண்டை, பனிச்சை, சுருள். (சுருள்! டாங் இல்லாத காலம்.)

நல்லாவூர் கிழார் பாடிய அகநானூறு 86-ஆம் பாட்டு ஒரு கல்யாண வீட்டைக் காட்டுகிறது. பந்தல், பரப்பிய புதுமணல், உளுந்தம் பருப்புப் பொங்கல், இருள் விலகும் நேரம். பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டுகிறார்கள். நீரோடு சேர்ந்து விழுந்த பூவிதழும் நெல்மணியும் அவளுடைய கருங்கூந்தலில் ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. இலக்கியம் நமக்குக் காட்டும் கல்யாணக் கூந்தல் அதுதான். ஈரத் தலை, நாலு இதழ், கொஞ்சம் நெல்.

ஏழு மணி நேரத்தில் இரண்டு தலை

சென்னையிலும் அதன் புறநகரிலும் ரிசப்ஷன் முதல்நாள் மாலை, முகூர்த்தம் மறுநாள் விடியலில் என்பது நிலைத்துவிட்டது. மண்டப வாடகைக் கணக்கும், விருந்தாளிகள் ஆபீஸ் முடிந்து வரும் நேரமும் சேர்ந்து போட்ட அட்டவணை. சாப்பாட்டுக்கும் ஃபோட்டோவுக்கும் இது வசதி. தலைமுடிக்கு இது தண்டனை.

ராத்திரி தலைக்கு என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலில் வேர்ப்பக்கம் முழுக்கக் கிரிம்பர் வைத்து நெளிநெளியாக்கி முடியை உப்பவைக்கிறார்கள். பிறகு சீப்பை மேலிருந்து கீழாக இல்லாமல், நுனியிலிருந்து வேருக்கு எதிர்த்திசையில் வாருகிறார்கள். அதாவது வேண்டுமென்றே சிக்கு போடுகிறார்கள். அந்தச் சிக்குதான் உள்ளே நிற்கும் சாரம். அதன்மேல் ஸ்ப்ரே. அதன்மேல் வெளிமுடியை மட்டும் நேர்த்தியாக இழுத்து மூடி, மறுபடி ஸ்ப்ரே. அப்புறம் பின்கள். வெளியே பட்டுப்போலத் தெரிகிற கொண்டைக்குள்ளே ஒரு தூக்கணாங்குருவிக் கூடு இருக்கிறது.

காலையில் ஜடை பின்ன வேண்டுமானால் அந்தக் கூட்டைப் பிரிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி அலசினால் ஸ்ப்ரே கரையும், ஆனால் ஈரமுடியைக் காயவைக்க நேரம் கிடையாது. ஈரத்தோடு சூட்டுக் கருவி வைத்தால் முடிக்குள் இருக்கும் நீர் கொதித்துக் குமிழியாகி இழை அங்கேயே உடையும். ஆகவே காய்ந்த தலையிலேயே, தூக்கக் கலக்கத்தில், இருபது நிமிஷத்தில் சிக்கெடுப்பு. கையோடு வருவது கொத்துக் கொத்தாக.

அனுபவமுள்ளவர்கள் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறார்கள். காலையில் சவுரி வைத்துத் தலைசாமானோடு முழு ஜடை என்றால், ராத்திரிக்குச் சிக்கு போடாத, வெறும் சுருள் அல்லது தளர்ந்த பின்னல் போதும். ராத்திரி பெரிய கொண்டைதான் வேண்டும் என்றால், காலையில் அதே அடித்தளத்தைப் பிரிக்காமல் மேலே வேணி சுற்றி முடித்துவிடலாம். இரண்டிலும் உச்சம் வேண்டும் என்பவர்களுக்குத்தான் சிக்கல்.

எண்ணெய் ஒரு தனிக் கதை. நலங்கு வைக்கும்போது சுமங்கலிகள் அறுகம்புல்லால் பெண்ணின் உச்சந்தலையில் எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். எண்ணெய் பட்ட முடியில் பின் வழுக்கும், சூட்டுக் கருவி புகையும், ஸ்ப்ரே ஒட்டாது. முதல்நாள் தலைக்குக் குளித்து, எண்ணெயும் கண்டிஷனரும் வேரில் படாமல் காய்ந்த தலைதான் அலங்காரத்துக்கு வாகு. இந்த வட்டாரத்து மண்டபங்களில் ஒரு சமரசம் உருவாகியிருக்கிறது. புல்லை எண்ணெயில் காட்டி, தலைக்கு ஒரு அங்குலம் மேலே சுற்றிவிடுகிறார்கள். பெரியம்மாக்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் சுற்றுகிறார்கள்.

புழுக்கமும் சும்மா விடாது. கூந்தல் இழையின் புரதத்தில் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு. சூடு அவற்றை அவிழ்த்து, ஆறும்போது புது வடிவத்தில் மறுபடி கட்டுகிறது. சுருள் நிற்பது அதனால். காற்றின் ஈரம் அந்தப் பிணைப்பை மறுபடி அவிழ்க்கும். குளிர்நாட்டு வீடியோவில் நாள் முழுக்க நிற்கும் சுருள், வைகாசி மாதத்து மண்டபத்தில் ஹோமப் புகைக்கும் வியர்வைக்கும் நடுவே ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். முகூர்த்தத்துக்குச் சுருள் கேட்பவரிடம் நான் சொல்வது: ஏ.சி. மேடை என்றால் கேளுங்கள். அக்கினி முன்னால் உட்காரப்போகிறீர்கள் என்றால் பின்னிக்கொள்ளுங்கள்.

பூ விழுவது சேலை மேல் இல்லை

முடிச்சூர் ரோடு நேராகப் போனால் வாலாஜாபாத், அங்கிருந்து காஞ்சிபுரம். முகூர்த்தப் பட்டு எடுக்கத் தாம்பரத்துக் குடும்பங்கள் போகும் வழி இதுதான். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, எம்.எஸ். புளூ, வாடாமல்லி என்று கடையில் நிறத்துக்கு மூன்று மணி நேரம் செலவாகும். 'அரக்குச் சேலைக்குக் கனகாம்பரம்' என்று அங்கேயே பூவும் முடிவாகிவிடும். மேடையில்தான் தெரியும், அந்த ஆரஞ்சு நிறம் சிவப்பு ப்ளவுஸின் மேல் விழுந்து இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்று.

யோசித்துப் பார்த்தால் எளிய விஷயம். ஜடை தொங்குவது முதுகில். முதுகில் இருப்பது ப்ளவுஸும், பாதி முந்தானையும். ஆகவே பூவின் நிறத்தைப் பொருத்த வேண்டியது சேலை உடலோடு இல்லை, ப்ளவுஸோடு. அரக்குச் சேலைக்குப் பச்சை ப்ளவுஸ் என்றால் கனகாம்பரம் கொள்ளை அழகு. அதே சேலைக்கு அரக்கு ப்ளவுஸ் என்றால் மல்லியும் மரிக்கொழுந்தும். இளம் பிஸ்தா, வெங்காய நிறம், வெள்ளி ஜரிகை டிஷ்யூ என்று இப்போது மோகம் கூடியிருக்கும் வெளிர் சேலைகளுக்கு, ஓசூர் ரோஜாவின் இளஞ்சிவப்பு இதழோ, 'ஜிப்ஸி' என்று கடைக்காரர்கள் சொல்லும் ஜிப்ஸோபிலாவோ சரி. ஆனால் ஜிப்ஸியைக் காஞ்சிபுரத்துத் தங்கஜரிகைக்குப் பக்கத்தில் வைத்தால், என் கண்ணுக்கு, பூசணிப் பூவுக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கிறது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் மன்னிக்க.

நகைக்கும் அதே விதிதான். ராக்கொடி, அதன்கீழ் நாகர், கீழே போகப் போகச் சிறுத்துவரும் ஜடை பில்லைகள், நுனியில் குஞ்சலம். வகிட்டின் இரு பக்கமும் சூரியன், சந்திரன். இந்தத் தலைசாமான், சிவப்பும் பச்சையும் கலந்த கெம்புக்கல்லில் செய்வது. கோயில் நகைக்குப் பேர்போன நாகர்கோவில் பக்கத்து வடசேரி வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தங்க ஜரிகை, அழுத்தமான நிறம் என்றால் கெம்பு. வெளிர் நிறம், வெள்ளி ஜரிகை என்றால் வெள்ளைக்கல். ஒரே தலையில் இரண்டையும் கலந்தால், வாடகைக் கடைக்குத் திருப்பித் தர மறந்ததுபோல் இருக்கும். ஜடை பில்லையைப் பின் கொண்டு குத்தக் கூடாது. கறுப்பு நூலால் சவுரியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கனம் முழுக்கப் பெண்ணின் சொந்த முடியின் வேரில் தொங்கும்.

■ பூக் கணக்கு

• மல்லிகையை மொட்டாகக் காலையில் பறிப்பார்கள். அன்று ராத்திரியே விரியும். விடிகாலை முகூர்த்தத்துக்கு வரும் மொட்டு முந்தின நாள் பறித்தது. ஐஸ் பெட்டியிலோ ஈரத் துணியிலோ வைத்து விரியாமல் பிடித்து வைக்கிறார்கள். ஹேர் ஸ்ப்ரேயைப் பூ வைத்த பிறகு அடித்தால் சீக்கிரம் பழுப்பேறும்.

• பனிக்காலத்தில் மல்லி விளைச்சல் சுருங்கும். தை முகூர்த்தத்தில் கிலோ விலை ஆயிரங்களில் ஏறுவது அதனால்தான். அப்போது கைகொடுப்பது காக்கடா. நிறம் அதே வெள்ளை, வாசனை கம்மி.

• கனகாம்பரத்துக்கு வாசனை இல்லை, கனமும் இல்லை. கழுத்து வலிக்காரர்களின் தோழி.

• தைத்த ஜடைக்கு அடித்தளம் வாழைமட்டை. அதன்மேல் மொட்டுகளை ஊசியால் வரிசையாகத் தைப்பார்கள். தாழம்பூ மடல் வைத்துத் தைப்பது பழைய முறை. மடலின் ஓரத்து முள்ளைச் சீவாமல் வைத்தால் தாலி கட்டும் வரை பெண் நெளிவாள்.

• மதுரை மல்லி புவிசார் குறியீடு பெற்றது 2013-ல். கோயம்பேடு பூ மார்க்கெட்டிலிருந்து தாம்பரத்துக்கு மதுரவாயல் பைபாஸ் வழியே விடிவதற்குள் பூ வந்து சேரும்.

மூன்றாவது முடிச்சு

முகூர்த்தச் சிகையின் உண்மையான பரீட்சை கேமரா முன்னால் இல்லை. அது நடப்பது மூன்று இடங்களில். மாலை, கூறைப்புடவை, தாலி.

ரோஜா மாலை கனம். கழுத்தில் விழுந்ததும் அதன் பின்பகுதி சரியாக லோ பன் இருக்கும் இடத்தில் உட்காரும். மூன்று முறை மாலை மாற்றி முடிவதற்குள் பன் ஒரு அங்குலம் மேலே தள்ளப்பட்டு, அடியில் இருக்கும் பின்கள் பிடரியைக் குத்த ஆரம்பிக்கும். ரிசப்ஷனில் மாலையைப் போட்டுப் படம் எடுத்துக் கழற்றிவிடலாம். முகூர்த்தத்தில் கழற்ற முடியாது. முகூர்த்தத்துக்குக் கொண்டை என்றால் காது மட்டத்துக்கு மேலேதான் கட்ட வேண்டும்.

அடுத்து, நடுவில் கூறைப்புடவையைக் கையில் கொடுத்து, 'பத்து நிமிஷத்துல கட்டிண்டு வந்துடு' என்பார் சாஸ்திரிகள். அந்தப் பத்து நிமிஷத்தில் ஜடையும் குஞ்சலமும் புடவை மடிப்புக்குள் மாட்டாமல் இருக்க, அதைச் சுருட்டித் தலையுச்சியில் பிடித்துக்கொள்ளவே ஒரு ஆள் வேண்டும்.

பிறகு தாலி. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது நம் பக்கத்து வழக்கம். பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் யாரோ ஒருத்தர் ஜடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கெட்டிமேளம், அட்சதை மழை, நாலு கேமரா, மேலே ட்ரோன். இவ்வளவுக்கும் நடுவில் மாலைக்கு அடியில் விரலை விட்டு, கண்ணுக்குத் தெரியாமல், மஞ்சள் கயிற்றை முடிச்சுப் போட வேண்டும். ஜடையானால் ஒரே தூக்கில் வழி விடும். விரித்துவிட்ட சுருள் விடாது.

திருநீர்மலையில் என் சித்தி பெண்ணின் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவள் பாதி முடியைப் பின்னி, மீதியைச் சுருளாக விட்டிருந்தாள். அழகுக்குக் குறைவே இல்லை. நாத்தனார் மூன்றாவது முடிச்சை இறுக்கியபோது 'ஆ' என்றாள். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பந்திக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: இலையைப் பார்க்கக் குனிந்தால் பிடரியில் சுளீர் என்று இழுக்கிறது. நாலைந்து முடி தாலிக்கயிற்றின் முடிச்சுக்குள் போய்ப் பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தது. கயிற்றைத் தளர்த்த யாரும் தயாரில்லை. 'கல்யாணத்தன்னிக்கே முடிச்ச அவுக்கறதா?' என்று என் பெரியம்மா போட்ட சத்தத்தில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளையின் கைப்பையிலிருந்த நகவெட்டியால் முடியைத்தான் வெட்டினோம்.

வெள்ளை நெட்டுக்கும் அதே சோதனை

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்ததிலிருந்தே இந்தப் பக்கம் சர்ச் கல்யாணங்களுக்குக் குறைவில்லை. வெள்ளைச் சேலையோ கவுனோ, தலையில் நெட். நெட்டின் சீப்பு பிடித்துக்கொள்ள உறுதியான கொண்டை வேண்டும்; விரித்த முடியில் அது வழுக்கி, பலிபீடத்துக்கு முன்னால் மண்டியிடும்போது பின்னால் இழுக்கும். ஆராதனை முடிந்து நெட்டை எடுத்து, பட்டுக்கு மாறி, பூ வைத்து மேடை ஏற அரை மணி. அதற்குத் தோதாக முதலிலேயே கொண்டையைக் கட்டி, நெட் போனதும் அதே இடத்தில் வேணியைச் சுற்றுகிறார்கள். முக்காடு போடும் முஸ்லிம் மணப்பெண்ணுக்கும் ஜரிகை துப்பட்டாவின் கனத்தைத் தாங்க உள்ளே ஒரு கொண்டை தேவை. வெளியே ஒரு இழைகூடத் தெரியாத அந்தக் கொண்டைக்கும் அரை மணி நேர வேலை இருக்கிறது.

■ அந்தச் சவுரி யாருடையது?

முன்பெல்லாம் சீப்பில் வரும் முடியைச் சுருட்டி ஓட்டு இடுக்கில் சேர்த்து வைப்பார்கள். அதில்தான் வீட்டுச் சவுரி. இன்று 'எக்ஸ்டென்ஷன்' என்ற பெயரில் வருவதில் பலவும் மனித முடிதான்.

இந்த வியாபாரத்தின் பெரிய ஊற்று கோயில்கள். திருமலையில் நேர்த்திக்கடனாக இறக்கும் முடியை நீளவாரியாகப் பிரித்து, தேவஸ்தானம் 2011 முதல் இணையவழி ஏலம் விடுகிறது. மிக நீளமானது முதல் தரம்.

2004-ல், கோயிலில் காணிக்கையாக்கிய முடி என்பதால் இந்திய முடியில் செய்த டோப்பாக்களைப் பயன்படுத்தக் கூடாது என்று யூத மதகுருமார்கள் சிலர் சொல்ல, நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் போட்டு எரித்தார்கள். 2022 ஜனவரியில் பதப்படுத்தாத முடி ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது.

கல்யாணத்துக்கு அப்புறம்

ஆல்பம் வருவதற்கு மூன்று மாதம் ஆகும். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் பாத்ரூம் ஜாலியில் முடி அடைக்க ஆரம்பிக்கும். மாமியார் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழி போடுவார்கள். தண்ணீரை விடுங்கள். கல்யாணத்துக்காகப் பட்டினி கிடந்து அவசரமாக எடை குறைத்தது, மாதக்கணக்கில் தூக்கம் கெட்டது: இவற்றுக்கு முடி உடனே பதில் சொல்லாது. இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். பெரும்பாலும் தானே திரும்ப வளரும் வகை இது.

திரும்பாமல் போகக்கூடியது நெற்றியோரத்து உதிர்வு. இறுக்கி இழுத்துப் பின்னுவதும், கனமான எக்ஸ்டென்ஷனை வேரில் மாட்டுவதும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகிவிடும். ஒரு நாள் கல்யாணத்தில் அது நேராது. ஆனால் நிச்சயதார்த்தம், ஃபோட்டோ ஷூட், மெஹந்தி, சங்கீத், ரிசப்ஷன், முகூர்த்தம், மறுவீடு என்று இப்போது கல்யாணம் ஒரு நாளா என்ன?

இதைவிடக் கவலை தருவது கல்யாணத்துக்கு முன்னால் செய்துகொள்ளும் 'ஸ்மூத்னிங்', 'கெரட்டின்' சமாச்சாரங்கள். சில கலவைகளில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயு வெளியாகும். கண் எரிந்து மூச்சு முட்டுவது அதனால்தான். இவற்றைத் தடை செய்யும் யோசனையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-ல் முன்வைத்தது. ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் சாது இல்லை. துனிசியாவில் 26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 என்று மூன்று முறை முடியை நீட்டிக்கொண்டார். மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. செய்தே ஆக வேண்டுமென்றால் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு உட்காருங்கள். பெயர் இல்லாத டப்பா என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முடிக்குச் சாயம் போடுபவர்கள் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலையில் வைக்க வேண்டும். மருதாணி நாளில் முதன்முறையாகச் சாயம் போட்டு, முகூர்த்தத்தில் கண்ணிமை வீங்கி உட்கார்ந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

மாதத்துக்கு முடி வளர்வது ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் இடுப்புவரை என்று எந்த எண்ணெய் சொன்னாலும் கணக்கு உதைக்கிறது. நீளத்துக்குச் சவுரி இருக்கவே இருக்கிறது. பெண் பார்த்துக்கொள்ள வேண்டியது இருக்கிற முடி உடையாமல் இருப்பதை.

பின்னால் நிற்பவர்

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியானது. பம்மல், அனகாபுத்தூர், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தத் தெருக்களில் வீட்டின் முன்னறையையே அலங்கார அறையாக்கி, ஒரு கண்ணாடி, ஒரு ரிங் லைட், ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கோடு தொழில் செய்யும் பெண்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார். மணப்பெண் பேக்கேஜ் ஐந்து இலக்கத்தில் பேசப்படுகிறது. ஆனால் அதில் சிகைக்கென்று தனி வரி அபூர்வம். 'மேக்கப், ஹேர், சாரி டிரேப்பிங்' என்று ஒரே மூச்சில் முடியும். முகத்துக்குப் பெயர் போட்டவர் ரிசப்ஷனுக்கு வருவார். விடிகாலை ஜடைக்கு வருவது அவருடைய உதவியாளர், தினக்கூலி போன்ற தொகைக்கு. ஒரே முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணம் வந்தால் அந்தப் பெண் இரண்டு மணிக்கு ஒன்று, ஐந்து மணிக்கு ஒன்று என்று ஓடுகிறார். ராத்திரி ஒன்றரைக்கு ஸ்கூட்டரில் கிரிம்பர் பையோடு வெளிவட்டச் சாலையோரம் போகும் பெண்ணைப் பார்த்தால், அது யாருடைய கல்யாணத்துக்கோ என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் முழம் போட்டுப் பூ விற்கும் அம்மாக்களின் கவலை வேறு. ஃபோமிலும் சாட்டினிலும் செய்த வேணி வந்துவிட்டது. வாடாது, கனக்காது, வாடகைக்கும் கிடைக்கும். நாலு கல்யாணம் பார்த்த வேணியே ஐந்தாவதற்கும் புதுசாக நிற்கும். படத்தில் வித்தியாசம் தெரியாது என்பது உண்மை. பக்கத்தில் போய் நின்றால் தெரியும், வாசனை இல்லாத கல்யாணப் பெண்.

என் யோசனை ஒன்றே ஒன்று. தையல்காரரிடம் அளவு கொடுக்கும் முன் ஜடையைத் தீர்மானியுங்கள். முழு ஜடை என்றால் ஆரியை இரண்டு கைகளில் வைத்துக்கொண்டு முதுகை வெறுமனே விடுங்கள், கூலி பாதியாகும். முதுகுதான் முக்கியம் என்றால் காதுக்கு மேல் கொண்டை போட்டு, பூ ஜடைக் காசை மிச்சம் பிடியுங்கள். டிரையலுக்குப் போகும்போது சேலைப் படத்தோடு ப்ளவுஸ் முதுகின் படத்தையும் எடுத்துப் போங்கள்.

முடிச்சூர் ரோட்டுப் பெண்ணுக்கு அந்த யோசனை சொல்ல நேரம் கடந்திருந்தது. சேலையூர்க்காரர் தீர்ப்பு இப்படி: தாலி ஏறும் வரை ஜடை நடுவில். அதற்குப் பிறகு, பெரியவர்கள் சாப்பிடப் போனதும், குஞ்சலத்தைப் பிடித்துத் தோள்வழியே முன்னால் எடுத்துவிட்டு, அம்பாரி யானைக்குப் பத்து நிமிஷம். அத்தைக்கும் சம்மதம்.

என் சித்தி பெண்ணுக்கு மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்த்தார்கள். பழைய மஞ்சள் கயிற்றைக் கழற்றி அவள் மாமியார் தாம்பாளத்தில் வைத்தபோது எட்டிப் பார்த்தேன். அன்றைக்குப் போட்ட சுருளில் ஒன்றுகூடப் பந்தி முடியும்வரை நிற்கவில்லை. முடிச்சுக்குள் மாட்டியிருந்த அந்த நாலு இழை மட்டும், மஞ்சள் ஏறி, சுருண்டபடியே இருந்தது.